மருமகன் சொன்ன கதை

இம்மலருக்குக் கட்டுரை வேண்டி என் இல்லம் தேடி வந்த மாணவர் இருவரும், நான் வழக்கம்போல் கிஸ்ஸாக்களைப் பற்றியோ படைப்போர் இலக்கியங்களைப் பற்றியோ எழுதித் தருவேன் என்று எண்ணியிருந்தனர். அவற்றைப் பற்றிப் பேசியும் எழுதியும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்துவிட்டேன். இம்முறை வேறொரு போர்க்கதையை எழுதுகிறேன். இக்கதைக்கு ஏடு இல்லை, பாயிரம் இல்லை, பாடிய புலவர் ஒருவரும் இல்லர். கணினித் திரையில் விரல்களால் நடத்தப்படும் கதை இது. ‘விளையாட்டுச் சாமானைத் தமிழ்த்துறை மலரில் எழுதுவதா?’ என்று பெரியோர் சிலர் முகம் சுளிக்கக்கூடும். இருபது ஆண்டுகளுக்கு முன் நானும் அப்படிச் சுளித்தவன்தான். அதனால் நேர்ந்ததைச் சொல்லவே இதனை எழுதத் துணிந்தேன்.

2020ஆம் ஆண்டு ஊரடங்கின்போது, மென்பொருள் நிறுவனமொன்றில் பணிபுரியும் என் தங்கை மகன் எங்கள் வீட்டு மாடியறையில் வந்து தங்கினான். பகலெல்லாம் அலுவலகப் பணி. இஷா தொழுகைக்குப் பிறகு திரையில் ஏதோ ஓர் உலகத்தில் மூழ்கிவிடுவான். ஒருநாள் இரவு உறக்கம் வராமல் மாடிக்குச் சென்றேன். திரையில் ஒரு நகரம் எரிந்துகொண்டிருந்தது. பொன்னிறத் தலைமயிர் கொண்ட இளவரசன் ஒருவன், கையில் பெரிய சம்மட்டியோடு வீடு வீடாகப் புகுந்து கொண்டிருந்தான். விளையாட்டின் பெயரைக் கேட்டேன்.

“வார்கிராஃப்ட், மாமா.”

அப்பெயர் எனக்குப் புதிதன்று. 2004ஆம் ஆண்டில் ஒரு மாணவர் விடுதி அறையிலிருந்து அப்பெயர் எழுதிய குறுந்தகடு ஒன்றை நானே பறிமுதல் செய்திருக்கிறேன். அதைப் பிறகு சொல்கிறேன். “இதில் கதை என்று ஏதேனும் உண்டா, சுடுவதும் வெட்டுவதும் மட்டுந்தானா?” என்று கேட்டேன். மருமகன் சிரித்தான். நாற்காலியை இழுத்துப் போட்டான். அவன் சொல்லத் தொடங்கிய கதை ஏறத்தாழ இரண்டு மாதம் நீண்டது.

அவ்வுலகின் பெயர் ஆஸரோத். கலிபோர்னியாவைச் சேர்ந்த பிளிசார்ட் நிறுவனத்தார் 1994இல் முதல் விளையாட்டை வெளியிட்டபோது அதில் கதை மிகவும் மெலிந்தது. மனிதர் ஒருபுறம், பச்சைத் தோலும் கோரைப் பற்களும் உடைய ஓர்க் இனத்தார் மறுபுறம். இரு படைகளும் மோதின, அவ்வளவே. 1995இல் வந்த இரண்டாம் பாகமும் ஏறக்குறைய அத்தகையதே. 2002 ஜூலையில் வெளிவந்த மூன்றாம் பாகத்தில்தான் பாத்திரங்கள் உயிர்பெற்று எழுந்தன. 2004 நவம்பரில் அவ்வுலகம், இணையத்தின் வழியே பல நாட்டவரும் ஒருங்கே புகுந்து உலவும் பெரு விளையாட்டாயிற்று. 2010 அக்டோபரில் அதன் சந்தாதாரர் ஒரு கோடியே 20 இலட்சம் பேர் என்று அந்நிறுவனம் அறிவித்தது. காப்பியம் ஒன்றுக்கு இத்தனை பேர் சந்தா செலுத்திய செய்தியை நான் கேள்விப்பட்டதில்லை.

நான் கண்ட இளவரசனின் பெயர் ஆர்த்தாஸ். லார்டெரான் நாட்டு மன்னர் டெரனாஸின் மகன். உதர் என்னும் முதிய வீரரிடம் அறமும் போரும் பயின்றவன். வட்டாரத்து ஊர்களில் விளங்காத கொள்ளைநோய் ஒன்று பரவுகிறது. அதனை ஆராய அவனும், சூனிய வித்தை பயின்ற ஜெய்னா என்னும் பெண்ணும் செல்கின்றனர். ஜெய்னா கடற்படைத் தலைவர் ஒருவரின் மகள். முன்பு அவனுடைய காதலியாகவும் இருந்தவள். நோய் தானியத்தின் வழியே பரவுகிறது என்றும், அத்தானியத்தை உண்டவர் இறந்தும் இறவாத பிணங்களாக எழுந்து பகைவரின் ஏவலுக்கு ஆட்படுகின்றனர் என்றும் கண்டறிகின்றனர். ஸ்டிராத்தோம் என்னும் பெருநகருக்கு அவர்கள் விரைந்து சென்று சேரும்போது தானியம் ஏற்கெனவே பங்கிடப்பட்டுவிட்டது.

யார் உண்டார், யார் உண்ணவில்லை என்று பிரித்தறிய அங்கே நேரமில்லை. நகரையே அழித்துவிட வேண்டும் என்கிறான் ஆர்த்தாஸ். இன்னும் மனிதராகவே இருப்பவரை வெட்டமாட்டேன் என்று மறுக்கிறார் உதர். அம்மறுப்பை அரசத் துரோகம் என்று கூறி, ஆசிரியரை நீக்கிவிடுகிறான் மாணவன். ஜெய்னா ஒன்றும் வாதாடவில்லை. இதனைக் காண என்னால் இயலாது என்று கூறிவிட்டுத் திரும்பி நடக்கிறாள்.

இதன்பின் நடப்பதைத்தான் அன்றிரவு நான் பார்த்தேன். மால்கானிஸ் என்னும் அரக்கன் நகரமாந்தர் நூறு பேரின் உயிரைத் தனதாக்குமுன், ஆடுபவர் நூறு பேரை வீழ்த்தியாக வேண்டும். திரையின் ஓரத்தில் இரு கணக்குகளும் ஓடுகின்றன. மருமகனின் விரல்கள் விரைந்தன. “இது உனக்குச் சரியென்று படுகிறதா?” என்றேன். “அழுத்தாவிட்டால் கதை நகராது மாமா” என்றான். கோவலனைக் கொல்லும் வாள் படிப்பவரின் கையில் இருப்பதில்லை. இங்கே அது ஆடுபவரின் கையில் இருக்கிறது. இலக்கியம் கற்பித்தவனான எனக்கு இது புதிய செய்தி.

ஆர்த்தாஸின் வீழ்ச்சி அதற்கப்பால் படிப்படியாக நிகழ்கிறது. அரக்கனைத் தேடி வடதுருவப் பனிநாட்டுக்குச் செல்கிறான். படையைத் திரும்பி வருமாறு அரசாணை வந்தபோது, கூலிப்படையினரை ஏவித் தன் கப்பல்களைத் தானே எரிக்கிறான். பிறகு, எரித்தவர்கள் இவர்களே என்று அக்கூலிகளைக் காட்டித் தன் வீரரைக் கொண்டே அவர்களைக் கொல்விக்கிறான். (711இல் ஸ்பெயின் கரையில் இறங்கிய தாரிக் இப்னு ஸியாத் கப்பல்களை எரித்தார் என்றொரு செய்தி நம்மிடையே வழங்குகிறது; அது பிற்காலத்தார் சேர்த்தது என்பர் வரலாற்றாசிரியர். ஆயினும் அக்கதையில் கூட அவர் அதைத் தம் வீரர் முன் ஒளிக்கவில்லை.) பனிக்குகையில் பிராஸ்ட்மோர்ன் என்னும் வாள் கிடைக்கிறது. சபிக்கப்பட்டது என்று அதன் அடியில் பொறித்திருந்ததைப் படித்துத் தடுத்த நண்பன் முராடின், சிதறிய பனிக்கட்டி பட்டு வீழ்கிறான். ஆர்த்தாஸ் அவனைத் திரும்பிப் பார்க்காமல் வாளை எடுக்கிறான். வெட்டுண்டவரின் உயிரை உண்ணும் வாள் அது. முதலில் உண்டது ஏந்தியவனின் உயிரை. இத்தகைய வாள் ஒன்றை மைக்கேல் மூர்காக் என்னும் ஆங்கில எழுத்தாளர் 1960களிலேயே தம் எல்ரிக் கதைகளில் படைத்திருக்கிறார். எனவே வாள் புதிதன்று. மகன் ஊர் திரும்பும் காட்சியே புதிது. மக்கள் மலர் தூவுகின்றனர், மணி ஒலிக்கிறது, இளவரசன் அரியணை முன் மண்டியிடுகிறான். எழுந்து, தந்தையைக் கொல்கிறான். பின்னர் தந்தையின் சாம்பல் வைத்த கலசத்தைக் காத்து நின்ற உதரையும் கொன்று, சாம்பலைக் கொட்டிவிட்டு, மாந்திரீகன் ஒருவனின் எலும்புகளைச் சுமக்க அக்கலசத்தை எடுத்துச் செல்கிறான்.

அப்பகுதி முடிந்த இரவில் நான் உறங்கவில்லை. ஒவ்வொரு படியிலும் அவனிடம் ஒரு காரணம் இருந்தது. முதற்படியில் இருந்த காரணம் நல்ல காரணமாகவும் இருந்தது.

இதற்கு நேர்மாறாகச் செல்வது திராலின் கதை. ஓர்க் இனத்தார் அரக்கரின் குருதியைக் குடித்து வெறிகொண்ட காலத்தில், குடிக்க மறுத்த தலைவன் துரோட்டானின் மகன் அவன். பெற்றோர் கொல்லப்பட்டபின், குழந்தையைக் கண்டெடுத்த மனிதப் படைத்தலைவன் ஒருவன், அடிமை என்று பொருள்படும் ‘திரால்’ என்னும் பெயரையே சூட்டி, மற்போர்க் களத்தில் பந்தயப் பொருளாக வளர்க்கிறான். டரேத்தா என்னும் ஏழைப் பெண்ணின் துணையால் தப்பி, முகாம்களில் அடைபட்ட தன் இனத்தாரை மீட்டுத் தலைவனாகிறான். தலைவனான பின்னும் அப்பெயரையே வைத்துக்கொள்கிறான். மம்லூக் என்ற சொல்லுக்கு உடைமையாக்கப்பட்டவன் என்பதே பொருள் என்றும், அப்பெயர் தாங்கியோர் எகிப்தை இரண்டரை நூற்றாண்டு ஆண்டனர் என்றும் மருமகனிடம் சொன்னேன். அவனுக்கு அது வியப்பாக இருந்தது. இத்திராலின் கதையைத் தனி விளையாட்டாக்க முயன்று 1998இல் கைவிட்டு, 2001இல் கிறிஸ்டி கோல்டன் என்னும் பெண் எழுத்தாளரைக் கொண்டு நாவலாக்கினராம். கைவிடப்பட்டதும் நன்மைக்கே என்று தோன்றுகிறது.

ஆயினும் இரண்டு மாதமும் என் மனம் ஜெய்னாவையே சுற்றி வந்தது. ஸ்டிராத்தோமில் திரும்பி நடந்தவள் அல்லவா? அவளும் உதரும் என் கட்சி என்று மருமகனிடம் பலமுறை சொன்னேன். அறிவுடையோர் இடையே தங்களையும் அறிவுடையோர் பக்கம் சேர்த்துக்கொள்வது ஆசிரியர்களின் பழக்கம்.

அவள் பின்னர் மேற்கே கடல் கடந்து சென்று, திராலோடு கூட்டுச் சேர்ந்து பொதுப்பகையை முறியடிக்கிறாள். தெராமோர் என்னும் துறைமுக நகரை அமைக்கிறாள். ஓர்க் இனத்தாரை அழித்தே தீருவேன் என்று அவளுடைய தந்தையே படையோடு வந்தபோது, அவர் பக்கம் நிற்க மறுக்கிறாள். திராலின் படையினரால் தந்தை கொல்லப்படுகிறார். அதற்குப் பின்னும் ஆண்டுக்கணக்கில் அமைதி பேசியவள் அவள் ஒருத்தியே.

2012இல் வெளிவந்த கதைப்பகுதியில், திராலுக்குப் பின் தலைமையேற்ற கரோஷ் என்பவன் தெராமோர் மீது மாயக் குண்டு ஒன்றை வீசுகிறான். நகரம் ஒரு கணத்தில் அழிகிறது. இறுதி நொடியில் வேறொருவர் தள்ளிவிட்டதால் ஜெய்னா மட்டும் தப்புகிறாள்; தலைமயிர் வெண்மையாகிவிடுகிறது. இடிபாடுகளுக்குத் திரும்பி வந்து, கின்டி என்னும் தன் சிறு மாணவியின் உடலைக் கண்டு தொடுகிறாள். தொட்ட அளவில் அவ்வுடல் ஊதாநிறத் துகளாய் உதிர்கிறது. அம்மாணவியின் தந்தை டலரான் நகரின் தெருவிளக்குகளை ஏற்றுபவர். மகள் இறந்தபின், ஏற்றும் ஒளியிலேயே மகளின் உருவைத் தீட்டுகிறார் என்று அந்நாவலில் வருகிறதாம். இதைச் சொன்னபோது மருமகனின் குரல் சற்றே தாழ்ந்தது.

ஓர்க் தலைநகரையே கடலில் மூழ்கடிக்க அவள் முனைகிறாள். திராலும் நண்பர் ஒருவரும் தடுத்து நிறுத்துகின்றனர். பின்பு டலரானின் தலைமை அவளுக்கு வருகிறது. இரு தரப்பாரும் கலந்து வாழும் நடுநிலை நகரம் அது. அங்கே வாழும் சன்ரீவர் என்னும் பிரிவினர் எதிர்த்தரப்போடு தொடர்புடையோர். அவர்களுள் சிலர், எதிரிகள் ஒரு பொருளைக் களவாடத் தம் மாயவாயிலைத் திறந்துவிட்டனர். எவர் என்று அவள் விசாரிக்கவில்லை. எனக்குத் தெரியாமல் நடந்தது என்று அவர்களின் தலைவர் மன்றாடியதையும் கேட்கவில்லை. பிரிவு முழுவதையும் நகரைவிட்டு வெளியேற்ற ஆணையிடுகிறாள். பணிந்தவர் சிறைக்கு, எதிர்த்தவர் வாளுக்கு. கடை வைத்திருந்தவரும் நூலகத்தில் இருந்தவரும் அதில் அடக்கம்.

“ஸ்டிராத்தோமில் திரும்பி நடந்த அதே ஜெய்னாவா?” என்று கேட்டேன்.

“அதே ஜெய்னாதான் மாமா. நான் இரு தரப்பிலும் ஆள் வைத்து ஆடினேன். ஒரு பக்கத்தில் துரத்தினேன். மறுபக்கத்தில் துரத்தப்பட்டவர்களை மீட்டேன். தெரு ஒன்றேதான்.”

நான் எழுந்து கீழே வந்துவிட்டேன். காரணம் அவனுக்குத் தெரியாது. இப்போது படித்து அறிந்துகொள்வான்.

2004இல் நான் வேறொரு கல்லூரியில் பணியாற்றினேன். விடுதித் துணைக் காப்பாளர் பொறுப்பும் என்னிடம் இருந்தது. ஓர் அறையில் இரவெல்லாம் கணினி விளையாட்டு நடக்கிறது என்ற புகார் தொடர்ந்து வந்தது. இருமுறை மின் உருகி எரிந்து விடுதியே இருளில் மூழ்கியது. மாணவர் சிலர் வகுப்பில் உறங்கினர். பெற்றோர் ஒருவர் என் முன் கண்ணீர் விட்டார். ஒருநாள் நள்ளிரவு திடீரெனச் சென்று கதவைத் தட்டினேன். உள்ளே கூட்டம், விளக்கு அணைந்தது, பலர் என்னைத் தள்ளிக்கொண்டு ஓடினர். யாரையும் என்னால் அடையாளம் காண இயலவில்லை. குறுந்தகடு மட்டும் கையில் அகப்பட்டது. மறுநாள் பதிவேட்டைத் திறந்து, அவ்வறைக்கு உரியவர் என்றிருந்த ஆறு பெயர்களையும் எழுதி, அறுவரையும் விடுதியிலிருந்து நீக்கப் பரிந்துரைத்தேன். ‘இத்தொற்று ஏனைய அறைகளுக்கும் பரவுமுன்’ என்று அவ்வறிக்கையில் எழுதியது இன்றும் நினைவிருக்கிறது. அழகான தொடர் என்று அன்று மகிழ்ந்தேன்.

அறுவருள் ஒருவர் மூன்றாமாண்டு தமிழிலக்கிய மாணவர், என் வகுப்பு. தொலைவிலுள்ள சிற்றூர், இரண்டு பேருந்து மாறி வரவேண்டும். துறை வாயிலில் நின்று, “ஐயா, அவர்கள் விளையாடும் நேரத்தில் நான் பள்ளிவாசல் திண்ணையில் படுத்துக்கொள்வேன், மோதினாரைக் கேட்டுப் பாருங்கள்” என்றார். நான் மோதினாரைக் கேட்கவில்லை. “கண்டும் சொல்லாமல் இருந்தாயே, அதுவும் குற்றந்தான்” என்றேன். மூன்று வாரம் ஊரிலிருந்து வந்து போனார். பிறகு வரவில்லை. வருகைக் குறைவால் இறுதித் தேர்வு எழுதவில்லை.

அவ்வாண்டும் அவ்வகுப்புக்கு நான் வஞ்சின மாலையைப் பாடம் நடத்தியிருந்தேன். மதுரையை எரிக்கும் கண்ணகி, அத்தனை சினத்திலும், எவரெவரைத் தீ தீண்டலாகாது என்று தனித்தனியே எண்ணிச் சொல்கிறாள். முதியோரும் பிள்ளைகளும் அதில் உண்டு. சினத்துக்கும் ஒரு கணக்கு வேண்டும் என்று கரும்பலகையில் எழுதி விளக்கினேன். அவர் முன்வரிசையில் அமர்ந்து குறிப்பெடுத்தார்.

என் செயலைக் கதையின் கொலைகளோடு ஒப்பிடுவது மிகையென்று அறிவேன். ஆனால் இருபதாண்டுகளில் அவரை நான் எண்ணியபோதெல்லாம், வேறு வழி இருக்கவில்லை என்றே எனக்குச் சொல்லிக்கொண்டேன். மருமகனுக்கு அது உண்மை. அழுத்தாவிட்டால் அவனுக்குக் கதை நகராது. எனக்கோ பள்ளிவாசல் வரை நடந்து மோதினாரை ஒரு சொல் கேட்டிருந்தால் போதும். ஐந்து நிமிட நடை.

ஜெய்னாவின் கதை அங்கே நிற்கவில்லை. 2018இல் வெளிவந்த பகுதியில் அவள் தன் பிறந்த நாட்டுக்குத் திரும்புகிறாள். தந்தையைச் சாகவிட்டவள் என்று தாயே அவளைத் தண்டிக்கிறாள். பின்னர்த் தாயே தேடிச் சென்று மீட்கிறாள். சன்ரீவர்களிடம் அவள் மன்னிப்புக் கேட்டாளா என்று மருமகனை வினவினேன். நெடுநேரம் யோசித்தான். “கேட்டது மாதிரி நான் ஆடிய பகுதியில் ஒன்றும் வரவில்லை மாமா” என்றான்.

சென்ற ஆண்டு, பழைய மாணவர் ஒருவர் வழியாக அவருடைய தொலைபேசி எண் கிடைத்தது. எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பதினோரு நாள் கழித்தேன். பேசியபோது குரலை உடனே அறிந்துகொண்டு ஸலாம் கூறினார். உடல்நலம் விசாரித்தார். வன்பொருள் கடை வைத்திருப்பதாகவும், மகள் பத்தாம் வகுப்புப் படிப்பதாகவும் சொன்னார். நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அந்த அறையில் குற்றமற்றவர் நீ ஒருவரே, உன்னையும் சேர்த்துத் தண்டித்துவிட்டேன் என்றேன்.

சற்றுநேரம் பேச்சில்லை. கடையில் யாரோ விலை கேட்கும் ஒலி வந்தது.

“நான் ஒருவன் இல்லை ஐயா. எங்கள் அறையில் விளையாடியவர்கள் இரண்டே பேர். மற்றக் கூட்டமெல்லாம் வேறு அறைக்காரர்கள். நாங்கள் நால்வரும் திண்ணையில்தான் படுத்திருந்தோம்.”

மற்ற மூவரும் இப்போது எங்கே என்று கேட்டேன். இருவரைப் பற்றிச் சொன்னார். ஒருவர் ரியாத்தில் இருக்கிறார், ஒருவர் தூத்துக்குடியில். எண்களையும் தந்தார். மூன்றாமவரைப் பற்றி அவருக்கும் தெரியவில்லை.